பழைய காரின் ரிவர்ஸ் லைட் பழுதும் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும்

பழைய காரில் ரிவர்ஸ் லைட் எரியாவிட்டால் பெரும்பாலோர் முதலில் பல்பை மாற்றுகிறார்கள். அதற்கும் எரியாவிட்டால் கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்சை மாற்றுகிறார்கள். இரண்டும் நல்ல நிலையில் இருக்க, டிக்கிக்குள் துருவேறிய எர்த் இணைப்போ (மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), உறைக்குள்ளேயே இற்றுப்போன ஒயரோ காரணமாக இருப்பது வயதான வண்டிகளில் வெகு சாதாரணம். பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவு. அதைக் கண்டறிய நான் பயன்படுத்தும் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பைப் பற்றியதே இந்த மதிப்புரை. மின்னழுத்தத்தை எண்ணாகவே காட்டும் மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இந்தக் குறிப்பிட்ட பழுதைப் பொறுத்தவரை மீட்டரைவிட இதையே அதிகம் நம்பலாம் என்பதுதான் என் பதில்.

கருவி மிக எளிமையானது. ஒளி தெரியும் பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் ஏறக்குறைய 3 வாட் இழை பல்பு ஒன்று. முன்னால் கூரிய ஊசி. பின்னால் ஒரு ஒயர். அதன் நுனியில் பற்கள் உள்ள கிளிப். பேட்டரி கிடையாது, திரை கிடையாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: உள்ளே இருப்பது இழை பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி.யாக இருக்கக்கூடாது. இதன் மதிப்பு முழுவதும் அந்த இழை இழுக்கும் மின்னோட்டத்தில்தான் இருக்கிறது.

ரிவர்ஸ் லைட்டில் வழக்கமாக இருக்கும் 21 வாட் பல்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. இரண்டு பல்பு என்றால் 3.5 ஆம்பியர். டிஜிட்டல் மல்டிமீட்டரோ மின்னழுத்தத்தை அளக்கும்போது அநேகமாக எந்த மின்னோட்டத்தையும் இழுப்பதில்லை. ஆகவே பல செம்பு இழைகளில் ஒன்றே மிஞ்சி நிற்கும் ஒயரிலும், பச்சைப் பூத்துப்போன பல்பு ஹோல்டரிலும்கூட அது 12 வோல்ட்டைக் காட்டிவிடும். பார்ப்பவர் மின்சாரம் வருகிறது என்று நினைத்து வேறு இடத்தில் தேடப் போய்விடுவார். டெஸ்ட் லேம்ப் கால் ஆம்பியராவது கேட்கிறது. கிளிப்பை எர்த்தில் மாட்டி, அதே ஹோல்டரின் நடுத் தொடுமுனையில் ஊசியை வைத்தால் இழை செம்மஞ்சளாக மங்கித் தெரியும். வெள்ளைத் துணியால் தொடுமுனையைத் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தால், தடை அங்கேதான் இருந்தது என்றால் ஒளி உடனே தெளியும்.

சோதனைக்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைக்க வேண்டும். தட்டையான பிளேடு வகை பியூஸ் என்றால் அதைக் கழற்றத் தேவையில்லை. அதன் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும், கிளிப்பை எர்த்தில் மாட்டி அவை இரண்டிலும் ஊசியை வைத்தால் போதும். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியவில்லை என்றால் பியூஸ் போய்விட்டது.

இந்தக் கருவியில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை ரிவர்ஸ் சுவிட்சில் செய்வது. சுவிட்சின் கனெக்டரைப் பிரித்து, ஒயர் பக்கம் உள்ள இரண்டு முனைகளுக்கும் இடையில் டெஸ்ட் லேம்ப்பைப் பாலமாக வைக்க வேண்டும்: கிளிப் ஒன்றில், ஊசி மற்றொன்றில். பின்னால் ஷார்ட் எதுவும் இல்லாதபோது லேம்ப் எரிந்தால் பியூஸ், முன்பக்க ஒயர், பின்பக்க ஒயர், குறைந்தது ஒரு ரிவர்ஸ் பல்பு, அதன் எர்த் ஆகிய அனைத்திலும் தொடர்ச்சி இருக்கிறது என்பது ஒரே நொடியில் தெரிந்துவிடும். அப்போது ரிவர்ஸ் பல்புகள் எரியாமல் இருப்பது இயல்பே. மின்னழுத்தத்தில் பெரும்பகுதியை டெஸ்ட் லேம்ப்பே எடுத்துக்கொள்கிறது. ஷார்ட் இருந்தாலும் லேம்ப் எரியும், ஆனால் அதன் இழை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் பியூஸ் போகாது. அதன் பிறகு ஒரு துண்டு ஒயரால் இரண்டு முனைகளையும் இணைத்து, ரிவர்ஸ் லைட் முழு ஒளியில் எரிந்தால் பழுது சுவிட்சிலோ, அதை அழுத்தும் பகுதியிலோதான். புதிய சுவிட்ச் போடும்போது பழைய வாஷரின் தடிமனிலேயே வாஷர் போட வேண்டும். தடிமன் கூடினால் சுவிட்சின் குமிழ் உள்ளே எட்டாமல் போகலாம். ரிவர்ஸ் லைட்டில் எல்.இ.டி. மாட்டியிருந்தால் இந்தப் பாலச் சோதனையை நம்ப வேண்டாம்.

எர்த்தைச் சோதிப்பதற்குக் கிளிப்பை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, ஹோல்டரின் எர்த் தொடுமுனையில் ஊசியை வைக்க வேண்டும். இங்கேதான் எனக்கு இந்தக் கருவியின் மீது மனக்குறை. பேட்டரி முன்னால், விளக்கு பின்னால். கூடவே வரும் ஒயர் அதில் பாதி தூரம்கூட எட்டுவதில்லை. பார்க்கிங் விளக்கைப் போட்டு அதன் பாசிட்டிவ் முனையில் கிளிப்பை மாட்டிச் சமாளிக்கலாம் என்றாலும், இன்னும் சற்று நீளமான ஒயரைக் கொடுப்பது தயாரிப்பாளருக்கு ஒரு பொருட்டே அல்ல. ரிவர்ஸ் போடும்போது அதே பக்கத்தில் உள்ள வேறு பல்பு மங்கலாக எரிவதைக் கண்டால், அந்தப் பக்கத்தின் பொது எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிக்கிக் கதவில் விளக்கு உள்ள வண்டிகளில் கீல் அருகே உள்ள ரப்பர் உறையைத் தள்ளி ஒயரைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி அங்கேதான் அது அறுகிறது.

இக்கருவிக்கு ஒரு எல்லையும் உண்டு. கால் ஆம்பியருக்குத் தாராளமாக வழிவிடும் இணைப்பு 3.5 ஆம்பியருக்குத் திணறலாம். 2 ஓம் தடை உள்ள எர்த்தில் டெஸ்ட் லேம்ப் நன்றாகவே எரியும், ரிவர்ஸ் லைட்டோ மங்கும். அந்த நிலையில் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து அதையே சோதனை விளக்காகப் பயன்படுத்துவது நல்லது. அல்லது ரிவர்ஸ் லைட் எரியும்போதே மல்டிமீட்டரால் ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

ஊசியின் கூர்மையைப் பாராட்டுகிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒயரின் உறையைக் குத்தினால் அந்தத் துளை வழியே ஈரம் இறங்கிச் செம்பை அரிக்கத் தொடங்கும். கனெக்டரின் பின்புறமாக ஊசியைச் செருகிப் பார்ப்பதே முறை. ஏர்பேக் ஒயர்களிலும் இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் செல்லும் ஒயர்களிலும் இந்த லேம்ப்பை எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது, அங்கே மீட்டர் மட்டுமே சரி. ஊசிக்கு மூடியும் கொடுக்கவில்லை. கருவிப் பையில் கைவிடும்போது குத்தும் என்பதால் தடித்த ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைத் தனியாகத்தான் செருகி வைக்க வேண்டியிருக்கிறது.