டேப்லெட்டா, பல்லாங்குழியா: கடலோர மாலை வகுப்பில் கண்டது

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு அருகே ஒரு மீனவர் குடியிருப்பில், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விளையாட்டின் வழியே கற்பிப்பது என்று தீர்மானித்தபோது இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று, டேப்லெட்டில் கஹூட் போன்ற வினாடி வினா, மற்றொன்று, நம் வீடுகளில் கிடக்கும் பல்லாங்குழி. இரண்டையும் நடத்திப் பார்த்த பிறகு பல்லாங்குழியையே தேர்ந்தெடுத்தேன்.

டேப்லெட்டின் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினர் என்று உடனே காட்டுவது ஆசிரியருக்குப் பெரிய உதவி. ஆனால் கஹூட்டின் வழக்கமான முறையில் விரைந்து சொல்லும் சரியான விடைக்கே கூடுதல் புள்ளி கிடைப்பதால், நிதானமாக யோசிக்கும் பிள்ளை சரியாகச் சொல்லியும் பின்தங்கிவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். நன்கொடையாக வந்த ஆறு டேப்லெட்டுகளில் இரண்டு, ஓராண்டுக்குள் சார்ஜ் ஏற்றும் துளையில் களிம்பு பிடித்து நின்றுபோயின. உப்புக் காற்று ஆண்டு முழுவதும் உண்டு; கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்துகொள்கிறது. பழுது பார்க்க இராமநாதபுரத்துக்குப் பேருந்தில் கொண்டுபோக வேண்டும். திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அதுவரை நான்கு கருவிகளைச் சுற்றிப் பதினெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தால், கையில் வைத்திருப்பவர் கற்கிறார், மற்றவர் வேடிக்கை பார்க்கிறார். மின்சாரம் போன பகலுக்குப் பின் வரும் மாலையில் அதுவும் இல்லை. பல்லாங்குழியில் முத்து தொலைந்தால் அடுக்களையிலிருந்து புளியங்கொட்டை வருகிறது. பலகை இல்லையென்றால் மணலில் பதினான்கு குழி தோண்டினால் போதும். பழுதைப் பிள்ளைகளே சரிசெய்துகொள்கிறார்கள் என்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அதில் உள்ள கணக்கும் குறைந்ததன்று. குழிக்கு ஆறு வீதம் 84 முத்துகள். எந்தக் குழியில் எடுத்தால் கை எங்கே ஓயும் என்று முன்கூட்டியே எண்ணினால்தான் ஆட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியும். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நான்கின் மேல் கண் எப்போதும் இருக்கும். முதல் ஆட்டம் முடிந்ததும், 47 முத்து வைத்திருப்பவர் அடுத்த ஆட்டத்துக்குத் தன் ஏழு குழிகளையும் ஆறாறாக நிரப்பி ஐந்தைக் கையில் வைத்துக்கொள்கிறார். 37 வைத்திருப்பவருக்கு ஆறு குழிகள் நிரம்பி ஒன்று மிஞ்சுகிறது. கரும்பலகையில் பல நாள் புரியாத மீதியுள்ள வகுத்தல், ஏழாவது குழி வெறுமையாக நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குப் புரிந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் தந்தையர் வீட்டில் இருப்பதால், இந்த ஆட்டம் வகுப்பைத் தாண்டியும் நடந்தது. "எங்க அப்பத்தா குழிக்கு அஞ்சுதான் போடும், டீச்சர்" என்று ஒரு சிறுமி வழக்குக் கொண்டுவந்தாள். அன்று முழு வகுப்பும் 70 முத்துகளை ஐந்தால் வகுத்தது.

என் அனுபவம் இந்த மூன்று வகுப்புகளின் கூட்டல், பெருக்கல், வகுத்தலோடு நிற்கிறது. பின்னத்தைப் பல்லாங்குழியில் சொல்லித்தர முயன்று கைவிட்டேன்; அதற்குத் திரையில் படம் வெட்டிக் காட்டுவதே தெளிவாக இருந்தது. ஆங்கில உச்சரிப்புக்கும் டேப்லெட்டையே எடுப்பேன். படித்ததைத் திரும்பப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு மாதம் பிளிக்கர்ஸ் பயன்படுத்தினேன்: பிள்ளைகள் ஆளுக்கொரு காகித அட்டையை விடைக்கேற்பத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியரின் ஒரே செல்பேசி அவற்றைப் படித்துக்கொள்கிறது. ஒரு மாதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் காக்க வேண்டிய கருவி ஒன்றே என்பதால், வரும் பருவத்தில் பல்லாங்குழியோடு அதையும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.