ஜக்கா, உருளையா, கைப்பிடியா? வீட்டு அச்சு இயந்திரம் செய்யப்போகும் மலையகத்தாருக்கு

வீட்டில் ஒரு சின்ன அச்சு இயந்திரம் செய்து, அழைப்பிதழோ கவிதை அட்டையோ எழுத்து தாளில் அழுந்தும் பழைய காலத்துப் பதிவோடு அடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது “எந்த ஊர்?” என்றுதான். ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. அதே யூலை, ஓகஸ்டில் பண்டாரவளையும் பதுளையும் காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதே அந்தக் காய்ச்சலில்தான். மரத்தில் இயந்திரம் செய்யப்போகிறவருக்கு இந்த வித்தியாசத்தை விடப் பெரிய விசயம் எதுவும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் வரைபடம் எதுவும் இதைச் சொல்லாது.

கைக்கு எட்டும் வழிகள் மூன்று. வாகனத்துக்கு வைக்கும் போத்தல் ஜக்கை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி அழுத்துவது ஒன்று. இரண்டு தண்டவாளத்தின் மேல் கனமான உருளையை ஓட்டுவது இன்னொன்று. மேசையில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் தட்டு வந்து மூடும் வகை மூன்றாவது. எதைச் செய்தாலும் மாறாத அளவு ஒன்று உண்டு: 23.3 மில்லிமீற்றர். ஈய எழுத்தின் ஆங்கில அளவு உயரம் அது, 0.918 அங்குலம். நீங்கள் லினோவில் (செதுக்கி அச்சடிக்கும் லினோலியத் தகடு) செதுக்கினாலும் சரி, அக்கிரிலிக்கில் வெட்டினாலும் சரி, கட்டையை அந்த உயரத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டால் நாளைக்குப் பழைய எழுத்து நாலு கிடைத்தாலும் அதே படுக்கையில், அதாவது கட்டையை வைக்கும் அடித்தட்டில், அடிக்கலாம்.

ஜக்: பலம் உண்டு, கை உணராது

செய்வதற்கு இதுதான் சுலபம். சி சனல் இரும்பில் ஒரு சட்டம், நடுவில் 2 தொன் ஜக், அதன் தலையில் படுக்கைத் தட்டு, மேலே அசையாத தட்டு, கீழே இழுத்து இறக்க இரண்டு ஸ்பிரிங். ஓரளவு வெல்டிங் தெரிந்தவர் ஒரு நாளில் முடித்துத் தருவார். ஜக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மேலிருந்து அழுத்தலாமே என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் பம்புக்கு வராமல் காற்று ஏறிவிடும். படுக்கை கீழிருந்து மேலே போவதுதான் முறை.

கணக்குப் பார்த்தால் பலம் பயமுறுத்தும். 10க்கு 15 சென்ரிமீற்றர் கட்டை முழுதும் மை தொடும் படமாக இருந்தால், 2000 கிலோவை 150ஆல் பிரிக்க, சதுர சென்ரிமீற்றருக்கு 13 கிலோ. எழுத்து மட்டும் உள்ள அட்டையில் மை தொடும் இடம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் அது 65 கிலோவாக ஏறும். கரிய பெரிய லினோப் படத்துக்கு முதல் கணக்கு அருமை. தமிழ் எழுத்துக்கு இரண்டாவது கணக்கு ஆபத்து. ஏன் என்று புள்ளியைப் பார்த்தால் தெரியும்: ‘ன்’னின் மேல் இருக்கும் அந்தச் சின்ன வட்டம் தனியாக நிற்பது, பக்கத்தில் தாங்க ஒன்றும் இல்லை. ஜக்கை ஒரு பம்ப் அதிகமாக அடித்தால் தாளில் ஊசியால் குத்தின மாதிரிப் பின்பக்கம் தடிக்கும். எழுத்து மங்கலாகவும் புள்ளி பள்ளமாகவும் வரும் அட்டையைப் பார்த்தால் ஜக்கில் அடித்தது என்று சொல்லிவிடலாம்.

அடுத்த குறை, தட்டு வளைவது. ஜக் நடுவில் தள்ளுகிறது. கால் அங்குலத் தகட்டைப் போட்டால் நடு கறுப்பாகவும் ஓரம் வெளுப்பாகவும் விழும். ஒரு அங்குலத் தகடு வேண்டும், அல்லது கீழே விலா போலக் குறுக்கு இரும்பு ஒட்ட வேண்டும். அந்த இரும்பின் விலையைக் கேட்டவுடன் ‘மலிவு’ என்ற பேச்சு போய்விடும். பிறகு வேகம். வைப்பது, பம்ப் அடிப்பது, திறப்பது, இறங்கும்வரை நிற்பது. பத்து அட்டைக்குச் சரி. இருநூறு அழைப்பிதழுக்குக் கை விட்டுவிடும். வெல்டிங் நன்றாக ஓடாத சட்டம் பாரத்தில் பிளந்தால் துண்டு முகத்துக்கு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உருளை: என் ஓட்டு இதற்குத்தான்

15 கிலோ உருளை 2000 கிலோ ஜக்கோடு போட்டி போடுமா என்று சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 4 அங்குல இரும்புக் குழாயில் 45 சென்ரிமீற்றர் வெட்டி உள்ளே கொங்கிரீட் இறுக்கினால் ஏறக்குறைய அந்த எடை வரும். தட்டு முழுக் கட்டையையும் ஒரே தரம் அழுத்துகிறது. உருளை ஒரு நேரத்தில் ஒரு கீற்றை மட்டும் தொடுகிறது. கீற்று 5 மில்லிமீற்றர், கட்டை 10 சென்ரிமீற்றர் அகலம் என்றால் 5 சதுர சென்ரிமீற்றர். அதற்கு 3 கிலோ வீதம். எழுத்து மட்டும் என்றால் அதே ஐந்தில் ஒரு பங்குக் கணக்கில் 15 கிலோ. எழுத்து சுத்தமாக விழ அது போதும். கையால் கொஞ்சம் ஊன்றித் தள்ளினால் படமும் விழும். ஈய எழுத்துக் காலத்தில் அச்சகங்களில் பிழைபார்க்கும் புரூப் எடுத்ததே இப்படிக் கனமான உருளையில்தான்.

குழாயை ஹாட்வெயார் கடையிலிருந்து அப்படியே எடுத்து வைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு வட்டமாகத் தெரியும், வட்டமாக இருக்காது. லேத்தில் ஒரு தரம் கடைய வேண்டும். இந்த வேலைக்கு டவுனில் உள்ள லேத் பட்டறைக்குப் போனால் “என்ன தம்பி, ராட்சசன் வீட்டு ரொட்டிக்கட்டையா?” என்றுதான் கேட்பார்கள். சிரித்துவிட்டு, இரண்டு முனையும் நடுவும் ஒரே அளவா என்று கலிப்பர் வைத்து அங்கேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைந்த பரப்பில் எண்ணெய் பூசாமல் ஹட்டனில் ஒரு வாரம் விட்டால் துரு பிடித்து, அந்தத் துருவின் தடம் ஒவ்வொரு அட்டையிலும் விழும்.

படுக்கைக்குக் கிரனைட் மேசைத்தட்டு வெட்டுகிறவர்களிடம் மிஞ்சும் துண்டு போதும். மழைக்கு ஊதாது, வெயிலுக்கு வளையாது, சமமானது. அதன் இரு பக்கமும் தட்டை இரும்பில் தண்டவாளம். இதில்தான் நுட்பமே இருக்கிறது: தண்டவாளம், எழுத்தும் தாளும் மேல் வைக்கும் அட்டையும் சேர்ந்த உயரத்தை விட மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்தால் எடையை இரும்பே வாங்கிக்கொள்ளும், தாளில் ஒன்றும் விழாது. மிகத் தாழ்ந்தால் உருளை கட்டையின் விளிம்பில் ஏறி இடித்து, முதல் வரி இரட்டையாகத் தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் சாதாரண எழுத்துத் தாளை ஒவ்வொன்றாகச் சேர்த்து உயர்த்திப் பார்ப்பதுதான் வழி. ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். அந்த ஒரு தாளே ‘விழுந்தது’க்கும் ‘விழவில்லை’க்கும் நடுவில் நிற்கும்.

இதன் குறை, தாள் நகர்வது. உருளை தள்ளும் பக்கம் தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்து நிற்கும். ‘ஞ’வின் உள்சுழி அடைத்துவிடும். படுக்கையின் ஓரத்தில் கீலில் மடங்கும் ஒரு சட்டம் போட்டு, அதில் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாளின் அடியில் அட்டையை மாட்டினால் இது தீரும்.

கைப்பிடி வகை

பார்ப்பதற்கு இதுதான் அழகு. அடானா என்னும் 8க்கு 5 அங்குலக் கைப்பிடி அச்சு இயந்திரத்தின் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்ய ஆசைப்படுகிறார்கள். வேகமும் இதற்குத்தான். ஆனால் கதவு போல ஒரு பக்கம் கீலில் மூடும் தட்டு, கீல் பக்கத்தை முதலில் தொடும். பின்னால் வைக்கும் தாளின் தடிப்பு மாறினால் கோணமும் மாறும். கீலில் அரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால் அட்டையின் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி ஒரு நிறம்.

மரத்தில் செய்யும் வரைபடங்கள் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான். நம் பக்கம் தோட்டத்தில் சுலபமாகக் கிடைப்பது கிரெவிலியாவும் யூக்கலிப்டஸும். சரியாகக் காயாத யூக்கலிப்டஸ் பலகை முறுக்கிக்கொள்வதை லயத்தில் கதவு போட்டவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஈரத்தை உறிஞ்சி ஊதும். பண்டாரவளைக்காரர் நன்றாகக் காய்ந்த தேக்கில் செய்து பார்க்கலாம். நோர்வூட்காரர் இரும்பு பிட்டர் ஒருவர் பழக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

கட்டையும் மையும்

தமிழை ஈய எழுத்தில் கோக்க எழுத்துப் பெட்டியில் நிறைய அறைகள் வேண்டும். உயிர்மெய் உகர ஊகாரம் ஒவ்வொன்றும் தனி அச்சு. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ‘றா’, ‘னை’ போன்றவற்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பழைய பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஈயம் தொட்ட கையோடு வடை சாப்பிடாதீர்கள். மற்றவர்களுக்கு 3 மில்லிமீற்றர் அக்கிரிலிக்கை லேசரில் வெட்டுவது நல்லது. இறப்பர் முத்திரைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதே கடையில் இறப்பரிலும் வெட்டித் தருவார்கள். உருளைக்கு இறப்பர் பரவாயில்லை, ஜக்கில் அது நசுங்கி எழுத்து கொழுக்கும்.

லினோ 3.2 மில்லிமீற்றர். 18 மில்லிமீற்றர் பலகையில் ஒட்டினால் 21.2. மிச்சம் 2.1க்கு அடியில் அட்டை. பலகை மழையில் ஊதிய நாளில் ஒரு அட்டையை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மை, ஒப்செட் அச்சகங்களில் டின்னின் அடியில் மிஞ்சுவதே போதும். கண்ணாடித் தட்டில் மெல்லியதாக இழுத்து, கை ரோலரில் ஒட்டும் சத்தம் ‘சிச்’சென்று கேட்கும் அளவுக்கு வையுங்கள். சத்தம் ‘சப் சப்’ என்று ஈரமாக வந்தால் மை கூடிவிட்டது, சுழிகள் அடைக்கப்போகின்றன. மேற்குச் சரிவில் மழை மாதத்தில் எண்ணெய் மை காய இரண்டு மூன்று நாள் எடுக்கும். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஒரு நன்மையும் உண்டு: அந்த ஈரத்தில் தாள் மெதுவாகி, குறைந்த அழுத்தத்திலேயே பதிவு ஆழமாக விழும். இரண்டு நிறம் அடிப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் அடித்துவிடுங்கள். அடுத்த நாள் வெயில் வந்தால் தாள் சுருங்கி, சிவப்பு பொட்டு நெற்றியை விட்டு விலகி நிற்கும்.

ஆக, அட்டையும் துண்டுப்பிரசுரமும் அடிக்கிறவருக்கு உருளை. தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தன் பாட்டுகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோன துண்டுப்பிரசுரங்களைப் போல ஒன்றை இன்று வீட்டில் அடிக்க நினைப்பவருக்கும் அதுவே. பெரிய லினோப் படம் மட்டும் செய்யும் ஓவியருக்கு ஜக். கைப்பிடி, பொறுமையும் நல்ல பிட்டரும் உள்ளவருக்கு.

காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்று எங்கேயோ விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டால் இந்தப் பேச்செல்லாம் மாறும். முதலில் அதன் மை ரோலர்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியென்றால், எடை நூற்றுக்கணக்கான கிலோ என்பதால், லொறி நிற்கும் ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணிவிட்டு முற்பணம் கொடுங்கள்.