களிமண் பொம்மைக்குள் எது: அலுமினியக் கம்பியா, பந்து மூட்டா?

ஸ்டாப் மோஷனுக்கு, அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துக் கோக்கும் முறைக்கு, களிமண் பொம்மை செய்கிறவர்கள் அதன் உள்எலும்புக்கூட்டுக்குப் பெரும்பாலும் அலுமினியக் கம்பியில்தான் தொடங்குகிறார்கள். அது சரிதான். கையாலேயே வளையும், வளைத்த இடத்தில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இரும்புக் கம்பி கையை எடுத்ததும் கொஞ்சம் பின்னால் துள்ளும்; அந்தத் துள்ளல் திரையில் நடுக்கமாகத் தெரியும்.

அலுமினியத்தின் பலவீனம் ஆயுள். நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு நிலைக்கு 2 ஃபிரேம் என்று எடுத்தாலும் 10 நொடிக் காட்சிக்கு 120 நிலைகள். வளைய வளையக் கம்பி இறுகி, முழங்கையிலோ கணுக்காலிலோ பட்டென்று ஒடியும், அதுவும் காட்சியின் நடுவில். இரண்டு இழைகளை முறுக்கி, எலும்பு வரவேண்டிய இடங்களில் எபாக்ஸி புட்டி (பிசைந்து பூசினால் கெட்டியாக இறுகும் பசை) பூசிவிட்டால் மூட்டில் மட்டும் வளையும். ஒடிந்த கையைக் கழற்றி மாற்றும்படி சொருகி வைப்பது இன்னும் நல்லது. முறுக்கில் இன்னொரு லாபம்: களிமண் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

பந்து மூட்டுச் சட்டகம் வேறு ரகம். இரண்டு தகடுகளுக்கு நடுவே எஃகுப் பந்து, இறுக்கத்துக்கு ஒரு திருகு. மெதுவாகத் தலை திருப்புவது போன்ற நுணுக்கமான அசைவு இதில் வழவழப்பாக வரும். ஆனால் விலையும் அதிகம், எடையும் அதிகம். திருகு தளர்ந்தால் களிமண்ணைக் கிளறித்தான் இறுக்க வேண்டும். விரல்களுக்குப் பெரும்பாலும் கம்பிதான்.

ஓரிரு நிமிடப் படத்துக்குக் கம்பியே போதும் என்பேன். ஒரே பாத்திரம் மாதக்கணக்கில் நடிக்கப்போகிறது என்றால் பந்து மூட்டுக்குச் செலவழிக்கலாம். அப்புறம், எதுவானாலும் பாதத்தில் ஒரு நட்டைப் பதித்து, மேடைக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காலைத் தூக்கியதுமே பொம்மை சாயும்.