கேமரா ஓடுகிறது சரி, பதிவாகிறதா? சிபி பிளஸ், ஹிக்விஷன், டாப்போ, க்யூபோ: ஓர் அலசல்

போன வருடம் நங்கநல்லூரில் எங்கள் தெருவில் ஒரு செயின் பறிப்பு. மறுநாள் காலை போலீஸ்காரர் இருவர் வந்து, "சார், உங்க கேட் கேமரா ரோட்டைப் பார்க்குது. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடினதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்றார்கள். அப்பா கொஞ்சம் பெருமையோடுதான் டிவியைப் போட்டார். நாலு கட்டத்திலும் படம் பளிச்சென்று ஓடியது. நேற்றைக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. கடைசிப் பதிவு மூன்று மாதத்துக்கு முந்தையது. ஹார்ட் டிஸ்க் செத்த அன்றைக்கே டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. தூங்க முடியவில்லை என்று அம்மா சொல்ல, கேமரா மாட்டிய ஆள் வந்து டிஸ்க்கைப் பார்க்காமல் பீப்பை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்மின் பாஸ்வேர்டும் அவரிடமே. அவர் கடை இப்போது அங்கே இல்லை.

சர்ஃப்ஷார்க் நிறுவனம் எடுத்த ஒரு கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னை உலகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதில் எங்கள் வீட்டுக் கேமரா மாதிரி எத்தனை வெறும் பொம்மையோ!

அதனால் புதிதாக வாங்கக் கிளம்பினேன். அப்பா அம்மாவின் நங்கநல்லூர் தனி வீட்டுக்கு ஒன்று, அக்கா வாடகைக்கு இருக்கும் திருவான்மியூர் ஃபிளாட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பிராண்ட் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது சரிப்படவில்லை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கால் வைத்ததும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல் சார்?" அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டுக்கும் கேமராவுக்கும் நாலைந்து மீட்டர்தான் இடைவெளி என்றால் 2 மெகாபிக்சலிலேயே முகம் தெரியும். அதைவிட லென்ஸைக் கேளுங்கள். 2.8 மி.மீ. லென்ஸ் போர்டிகோ முழுவதையும் அகலமாக வளைத்துப் பிடிக்கும், ஆனால் தெருமுனையில் நிற்பவர் எறும்பு அளவுதான். 3.6 மி.மீ. அகலத்தைக் குறைத்து ஆளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவரும். எங்கள் கேட்டுக்கு 3.6, போர்டிகோவுக்கு 2.8. இரவில் வண்டி நம்பர் எல்லாம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் சாதாரண வீட்டுக் கேமராவுக்கு நம்பர் பிளேட் வெறும் வெள்ளைப் பட்டைதான்.

தனி வீட்டுக்கு வயர் இழுத்த கேமராதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வகையில் சென்னையில் கடைக்குக் கடை காதில் விழும் பெயர்கள் சிபி பிளஸ், ஹிக்விஷன், தாஹுவா.

சிபி பிளஸ், நொய்டாவில் இருக்கும் ஆதித்யா இன்ஃபோடெக்கின் பிராண்ட். தொழிற்சாலை நமக்குப் பக்கம்தான், ஆந்திராவின் கடப்பாவில். இதே நிறுவனம் சீனாவின் தாஹுவா பொருள்களையும் இந்தியாவில் விற்று வந்திருக்கிறது. ஆகவே 'இது இந்தியா, அது சீனா' என்று கோடு போட்டுப் பிரிப்பது அத்தனை சுலபமில்லை. ஹிக்விஷன் 2001-ல் ஹாங்சோவில் தொடங்கிய சீன நிறுவனம். இங்கே பிராமா என்ற பெயரோடு சேர்ந்து வருகிறது, தயாரிப்பு மும்பைக்குப் பக்கத்தில் வசையில். படத்தை மட்டும் பார்த்தால் ஹிக்விஷனின் கலர்வியூ வரிசைக்கே என் ஓட்டு. வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் F1.0 லென்ஸ் என்பதால் தெருவிளக்கு வெளிச்சம் இருந்தாலே ராத்திரியிலும் சட்டையின் நிறம் தெரியும். செயின் பறித்தவன் சட்டை நீலமா பச்சையா என்பது போலீசுக்கு எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனால் ஹிக்விஷனையும் தாஹுவாவையும் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டிய சங்கதி உண்டு. அமெரிக்கா 2019-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் இவற்றை அரசு வாங்கக் கூடாது என்று தடுத்தது. 2022 நவம்பரில் இவற்றின் புது மாடல்களுக்கு அனுமதி தருவதையும் நிறுத்தியது. 2021-ல் ஹிக்விஷன் கேமராக்களில் வெளியாள் பாஸ்வேர்டே இல்லாமல் புகுந்து கட்டளை போடக்கூடிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. நிறுவனம் அதை அடைக்கப் புது ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) தந்தது. நம் வீடுகளில் யார் ஃபர்ம்வேர் அப்டேட் செய்கிறார்கள்?

இந்திய அரசும் சும்மா இல்லை. சிசிடிவி கேமராக்களை எஸ்டிக்யூசி என்ற மத்திய அரசு அமைப்பின் ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்தும் விதி 2024 ஏப்ரலில் வந்து, 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமானது. சான்று மாடலைப் பார்த்துத்தான் தரப்படுகிறது, பிராண்டுக்கு மொத்தமாக அல்ல. எனவே கடையில் "சிபி பிளஸ்னா எல்லாம் ஓகே சார்" என்றால் தலையாட்டாமல், "இந்த மாடலுக்குச் சான்று இருக்கா?" என்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தப் பிராண்டானாலும், போனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (இன்டர்நெட்டிலிருந்து நேரே உள்ளே வரும் வழி) திறந்துவிடச் சம்மதிக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் அடிமையாக்கியது பெரிய மந்திரம் எதுவும் போட்டு அல்ல, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான்.

காசு மிச்சமாகும் ஒரு செய்தி: இப்போது வரும் டிவிஆர்களில் பெரும்பாலானவை தாஹுவா வகை, ஹிக்விஷன் வகை எனப் பழைய அனலாக் எச்டி கேமராக்கள் எல்லாவற்றையும் ஏற்கும். பழைய கேபிளும் கேமராவும் நன்றாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். டிவிஆரையும் டிஸ்க்கையும் மட்டும் மாற்றினால் போதும்.

டிஸ்க்கில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு 2 மெகாபிக்சல் கேமரா, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டிபி (ஆயிரம் ஜிபி) டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழிக்க ஆரம்பிக்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்ப்பவருக்கு அது போதாது. நான் 2 டிபி போட்டேன். கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்ததாக இருக்கட்டும். டிவிஆரை டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைக்காமல் பரணில் ஏற்றினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் தரைத்தள வீடுகளில் எது எது நனைந்தது என்று நமக்குத் தெரியும்.

அக்கா வீட்டுக் கதை வேறு. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட்டால் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கை வைப்பார். அங்கே வைஃபை கேமராதான். போட்டி டிபி-லிங்கின் டாப்போவுக்கும், ஹீரோ குழுமத்தின் க்யூபோவுக்கும். க்யூபோ இந்திய நிறுவனம் என்பது பலருக்குப் பெரிய ஆறுதல், அது தப்பில்லை. நான் டாப்போ பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். மெமரி கார்டு போட்டால் சந்தா கட்டாமலே பதிவாகும் என்பதோடு, மின் இணைப்பில் ஓடும் அதன் கேமராக்கள் ஆர்டிஎஸ்பி, ஆன்விஃப் என்ற, எல்லாப் பிராண்டுக்கும் பொதுவான இணைப்பு முறைகள் இரண்டையும் ஏற்கும். நாளைக்கு அக்கா சொந்த வீட்டுக்குப் போனால் இதே கேமராவை வேறு பிராண்ட் என்விஆரிலும் (நெட்வொர்க் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி) கோத்துக்கொள்ளலாம். உள்ளே சி200 மாடல், பால்கனிக்குத் தூசியும் தண்ணீரும் தாங்கும் ஐபி65 தரமுள்ள சி500.

வைஃபை கேமராவின் பலவீனம் எல்லாப் பிராண்டுக்கும் பொது. திருடன் கேமராவைப் பிடுங்கினால் கார்டும் அவனோடு போய்விடும். கரண்ட் போனால் கேமரா மட்டுமல்ல, ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். கார்டு போனாலும் பதிவு பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் கிளவுட் சந்தா. ஆனால் கிளவுட் என்றால் உங்கள் வீட்டுப் படம் அடுத்தவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று பொருள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் கேமராக்காரர்கள் சுமார் 13,000 பேருக்கு வேறு வீட்டுப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அதனால் அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: கேமரா வாசலைப் பார்க்கட்டும், பெட்ரூமில் வேண்டவே வேண்டாம்.

திருவான்மியூரில் இன்னொரு எதிரி, கடல் காற்று. ஐபி65, ஐபி67 எல்லாம் தூசிக்கும் தண்ணீருக்கும்தான், உப்புக்கு அல்ல. கேமரா நனையாமல் இருக்கும். அதன் வாலில் தொங்கும் பவர் பின் பச்சை பூத்துப் போகும். இணைப்பை ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் அடைத்து, கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். எந்த விலைக் கேமராவுக்கும் இது வேண்டும், எந்தப் பெட்டியிலும் இது வராது.

நங்கநல்லூருக்குக் கடைசியில் சிபி பிளஸ் டிவிஆர். ராத்திரிப் படத்தில் ஹிக்விஷன் மேல் என்று சொன்னவன்தான் நான். ஆனால் எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கும் சர்வீஸ் பையன் சிபி பிளஸில்தான் கை தேர்ந்தவன், கூப்பிட்டால் அன்றைக்கே வருவான். எழுபது வயது அப்பாவுக்கு F1.0-ஐ விட அது பெரிது. உங்கள் ஏரியாவில் அந்தப் பையன் பிராமா பார்ப்பவனாக இருந்தால் நீங்கள் பிராமாவே வாங்குங்கள். அட்மின் பாஸ்வேர்டை அப்பா கையாலேயே போட வைத்து, அவருடைய டைரியில் எழுதினேன். பீப் சத்தம் இந்த முறை ஆனில்தான் இருக்கிறது.

முதல் தேதி பால் கணக்குப் பார்க்கும்போதே, முந்தின வாரத்தில் ஏதோ ஒரு ராத்திரியை அப்பா பின்னால் ஓட்டிப் பார்க்கிறார். போன மாதம் பார்த்துவிட்டு, "ஏண்டா, கொல்லைப்புறக் கேமராவில் ஒரே பனிமூட்டமா இருக்கே, டிஸ்க் போயிடுச்சா?" என்று போன் செய்தார். டிஸ்க் இல்லை. அகச்சிவப்பு விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்க லென்ஸ் முன்னால் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தோடு ஏணியில் ஏறினேன்.