கறுப்பு லென்ஸ் பெட்டியிலேயே கிடக்கிறது

ஜூன் மாதத்தில் தலவாக்கலையிலிருந்து வெலிமடைக்குச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். புறப்படும்போது தூறல். லிந்துலையில் மூடுபனி. நானுஓயா ஏற்றத்தில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரியும். நுவரெலியாவைத் தாண்டி ஹக்கல மலையைச் சுற்றி இறங்கத் தொடங்கியதும் கண் கூசுகிற வெயில். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எங்கள் பக்கத்துச் சரிவில் கொட்டிவிட்டு, வெலிமடை இருக்கும் ஊவாவுக்கு வெறும் காற்றாகப் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு பாதையை மனதில் வைத்துத்தான் லென்ஸ் மாற்றக்கூடிய விளையாட்டுக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். இரண்டரை வருடங்களாக வாரத்தில் நான்கைந்து நாட்கள் அதை அணிந்து ஓட்டுகிறேன்.

பெட்டியில் நான்கு லென்ஸ்கள் இருந்தன: புகைக் கறுப்பு, ரோஜா, மஞ்சள், நிறமற்றது. வெயில் கண்ணாடிகளை உள்ளே விடும் ஒளியின் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை வகை பிரிக்கிறார்கள். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் ஒளி உள்ளே வரும். 3 என்றால் 8 முதல் 18 சதவீதம் மட்டும். 4ஆம் வகையை அணிந்து வாகனம் ஓட்டவே கூடாது. என்னுடையவற்றில் கறுப்பு 3, ரோஜா 2, மஞ்சள் 1, நிறமற்றது 0. வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடிக் காலின் உட்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

லிந்துலைக்கு மேலே யூக்கலிப்டஸ் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு வளைவு இருக்கிறது. அதையே என் சோதனைக் களமாக வைத்துக்கொண்டேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த லென்ஸ், வளைவின் நிழலுக்குள் இருந்த குழி எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது என்று ஒரு பழைய கொப்பியில் எழுதி வந்தேன். முதல் ஆறு மாதங்களிலேயே கறுப்பு லென்ஸ் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. கடற்கரை வீதியில் வெயில் ஒரே சீராக விழுகிறது. இங்கே அப்படி இல்லை. மண்மேட்டின் நிழல், பத்தடி வெளி, மரநிழல், மறுபடி வெளி. இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு நொடியில் 11 மீற்றர் கடந்துவிடுகிறோம். கண் நிழலுக்குப் பழகுமுன் குழி சக்கரத்தின் கீழ் வந்துவிடும். ஒருமுறை முன்சக்கரத்தின் விளிம்பு நெளிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். அன்று நான் அணிந்திருந்தது கறுப்பு.

ரோஜா லென்ஸை முதலில் அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொப்பியில் இப்போது பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அதற்குத்தான் சொந்தம். தார் வீதியின் சொரசொரப்பு, லொறியிலிருந்து சிந்திய மணல், பாசி பிடித்த ஓரம் எல்லாம் இதில் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. மேகம் மூடினாலும் கழற்றத் தோன்றுவதில்லை.

மஞ்சள் லென்ஸ் மூடுபனியை ஊடுருவிக் காட்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு விற்றவரும் அதைத்தான் சொன்னார். நம்பாதீர்கள். மூடுபனியின் நீர்த்துளிகள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. நீலத்தை வடிகட்டிவிட்டால் அப்பால் இருக்கும் பஸ் தெரிந்துவிடாது. மங்கலான பகலில் பக்கத்துப் பொருட்களின் விளிம்பு கூர்மையாகத் தெரியும், மனதுக்கும் சற்று வெளிச்சமாக இருக்கும். உள்ளே வரும் ஒளி என்னவோ குறையத்தான் செய்கிறது. அதனால் மூடுபனி கனத்தால் நான் நிறமற்றதைத்தான் போடுகிறேன். இரவில் மஞ்சள் வேண்டவே வேண்டாம்.

நிறமற்ற லென்ஸைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும் நேரத்தில் இறக்கத்தில் வந்து பாருங்கள், அதன் அருமை தெரியும்.

நிறமற்றதை அணிய அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பள்ளியில் கழியூதாக் கதிர் (UV) என்று படித்தோமே, அது ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்வதால் வெயில் உறைப்பதில்லை, ஆனால் கதிர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தடுப்பது லென்ஸின் கறுப்பு அல்ல, லென்ஸ் செய்த பொருள். நிறமற்ற பொலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ்கூட அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தடுப்பு இல்லாத மலிவான கறுப்புக் கண்ணாடியிலோ, இருட்டுக்குக் கண்மணி விரிந்து கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். என் அம்மா 31 வருடங்கள் கொழுந்து பறித்தவர். தலைக்குக் கொங்காணி இருந்தது, இடுப்புக்குப் படங்கு இருந்தது, கண்ணுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்று அவருடைய இரண்டு கண்களிலும் கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கிறது. வருடக்கணக்கான வெயிலும் காற்றும் தூசியும் என்றார் வைத்தியர். சென்ற வருடம் நிறமற்ற லென்ஸ் போட்ட கண்ணாடி ஒன்றை அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்தேன். மரக்கறிப் பாத்திக்குப் போகும்போதெல்லாம் அணிகிறார். முகம் இருண்டு தெரியாததால் அவருக்குக் கூச்சமும் இல்லை.

இனிக் குறைகள். லென்ஸ் மாற்றுவது வீட்டு மேசையில் அரை நிமிட வேலை. விரல் விறைத்த நிலையில் வீதியோரத்தில் நின்று செய்தால் மூன்று நிமிடம் ஆகும், லென்ஸ் முழுக்கக் கைரேகை படியும். ஹக்கலவில் ஒரு தேநீர்க் கடை வாசலில் மாற்றும்போது மஞ்சள் லென்ஸ் கைநழுவி வீதியோரக் கானில் விழுந்து கீறல்பட்டது. அதற்குப் பின் பாதையின் நடுவே மாற்றுவதைப் பெரிதும் குறைத்துவிட்டேன். காலையில் வானத்தைப் பார்த்து ஒன்றைத் தீர்மானித்து, நிறமற்றதை மட்டும் துணிப்பையில் எடுத்துக்கொள்கிறேன்.

ஏற்றத்தில் நின்றால் உட்புறம் ஆவி படிகிறது. ஆவி பிடிக்காத பூச்சு ஒரு வருடத்திலேயே தேய்ந்துபோனது, நான் சட்டை நுனியால் துடைத்ததும் ஒரு காரணம். இப்போது தண்ணீரில் அலசி, ஒரு துளி பேபி ஷாம்பூ தடவி மெல்லத் துடைக்கிறேன். ஓரளவு பலன் உண்டு. மூக்கில் பதியும் ரப்பர் ஒன்று வியர்வையில் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. தனியாக வாங்க விற்ற கடையைக் கேட்டு ஐந்து மாதங்கள் அலைந்தேன். கடைசியில் கொழும்பில் வேறொரு கடையில் கிடைத்தது.

நண்பர் ஒருவரின் முனைவாக்க லென்ஸை, அதாவது போலரைஸ்ட் என்று விற்பதை, ஒரு மாதம் இரவல் வாங்கிப் போட்டேன். நனைந்த வீதியின் பளபளப்பு அடங்குவது கண்ணுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் எங்கே தண்ணீர் படிந்திருக்கிறது என்று எனக்குச் சொல்வதே அந்தப் பளபளப்புதான். வளைவில் அது தெரியாமல் போவது எனக்குச் சரிப்படவில்லை. கைபேசித் திரையும் சில கோணங்களில் இருண்டுவிடுகிறது. மேல்கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு கரையோரம் நடப்பவருக்கு அது நல்ல தேர்வு.

புதிதாக வாங்குபவர் நான்கு லென்ஸ் பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ரோஜாவும் நிறமற்றதும் போதும். பணம் செலுத்துமுன், லென்ஸும் மூக்கு ரப்பரும் தனியாகக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். கீறல்பட்ட மஞ்சளுக்குப் பதில் நான் வாங்கியது இன்னொரு ரோஜா. பழையதன் இடது ஓரம் மங்கத் தொடங்கியிருக்கிறது, இந்த மழைக்காலம் வரை தாங்கும். கறுப்பை பெப்ரவரியில், நுவரெலியாவில் மேகமே இல்லாத சில நாட்களுக்கு மட்டும் வெளியே எடுக்கிறேன்.