பழுது ஃபியூசரில்தானா? மண்ணடி அலுவலகத்தில் இரண்டு லேசர் பிரிண்டர்களோடு சில ஆண்டுகள்

சென்னை மண்ணடியில் துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரிங் வேலை செய்யும் எங்கள் அலுவலகத்தில் இரண்டு லேசர் பிரிண்டர்கள் இருக்கின்றன. முன்கூடத்தில் உள்ள பெரிய இயந்திரம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் நகல் என்று நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பது. அதன் ஃபியூசரில், அதாவது டோனர் என்ற மைப்பொடியைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதியில், ஹாலஜன் விளக்கு உருளைக்குள் இருந்து சூடேற்றுகிறது. கணக்குப் பிரிவின் மேசையில் உள்ள சிறியதில் செராமிக் ஹீட்டரைச் சுற்றி மெல்லிய ஃபிலிம் உறை சுழல்கிறது. இரண்டையும் வாங்கிய நாளிலிருந்து பராமரித்து வருபவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: "ஃபியூசர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று எங்களிடம் சொல்லப்பட்ட தடவைகளில் பெரும்பாலானவற்றில் பழுது ஃபியூசரில் இல்லை.

எழுத்தின் வடிவத்தைப் பொடியாக ஏந்திச் சுழலும் டிரம் என்ற உருளையிலிருந்து தாளுக்கு மாறும் டோனர் அந்த நிலையில் வெறும் பொடிதான்; நிலைமின்சாரத்தின் பிடியில் தாள்மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடான உருளைக்கும், கீழிருந்து அழுத்தும் ரப்பர் பிரஷர் ரோலருக்கும் நடுவே தாள் நுழையும்போதுதான் அந்தப் பொடியிலுள்ள பிளாஸ்டிக் உருகித் தாளின் இழைகளுக்குள் இறங்குகிறது. வெப்பம், அழுத்தம், தாள் கடக்கும் வேகம் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் எழுத்து கையோடு வந்துவிடும். ஆனால் கையோடு வரும் எழுத்துக்கெல்லாம் இந்த மூன்றுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

எதையும் கழற்றுவதற்கு முன் நான் செய்யும் முதல் சோதனை, அச்சுப் பாதியில் இருக்கும்போதே இயந்திரத்தின் கதவைத் திறந்து நிறுத்துவது. தாள் காட்ரிட்ஜைக் கடந்து, ஃபியூசருக்குள் இன்னும் முழுதாக நுழையாத நேரம் பார்த்துத் திறக்க வேண்டும்; அந்த நேரம் இரண்டொரு முயற்சியில் பிடிபட்டுவிடும். தாளை மெதுவாக வெளியே எடுத்தால், எழுத்துகள் கூர்மையாகத் தெரிந்தாலும் விரல் பட்ட இடத்தில் கரிப்பொடியாகக் கலைந்துபோகும். ஃபியூசரைத் தொடாத இந்தப் பகுதியிலேயே கோடோ கறையோ இருந்தால் குற்றம் காட்ரிட்ஜில் அல்லது டிரம்மில்; இங்கே சுத்தமாக இருந்து, வெளியே வரும் தாளில் மட்டும் கறை இருந்தால் ஃபியூசரைச் சந்தேகிக்கலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையை, பழுது பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடத் தாமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இதற்குத் துணையாக வேண்டியது ஓர் அடிக்கோல். ஒரே கறை ஒரே தாளில் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடைவெளி ஏதோ ஓர் உருளையின் சுற்றளவாகத்தான் இருக்கும். ஒருமுறை சிறிய இயந்திரத்தில் கரும்புள்ளிகள் விழுந்தபோது, பார்க்க வந்தவர் முழு ஃபியூசர் அசெம்பிளிக்கும் விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அளந்து பார்த்தால் புள்ளிகளுக்கிடையே 75 மில்லிமீட்டர் இருந்தது. காட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு சரியாக அவ்வளவுதான். வேறு காட்ரிட்ஜைப் போட்டவுடன் புள்ளிகள் மறைந்தன. ஃபிலிமுக்கும் பிரஷர் ரோலருக்கும் சுற்றளவு வேறு. மாடலுக்கு மாடல் மாறும் இந்த அளவுகள் சர்வீஸ் மேனுவலில் அட்டவணையாகவே கிடைக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எழுத்து உதிர்கிறது என்ற புகாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் அதிகம் வருவது இதுதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுவலகச் சுவரே வியர்க்கும்போது, பிரித்து வைத்த தாள்கட்டு மட்டும் உலர்ந்திருக்குமா? ஈரமேறிய தாளை ஃபியூசர் சூடாக்கும்போது வெப்பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. டோனர் அரைகுறையாக ஒட்டுகிறது, தாளும் சுருண்டு வெளியேறும் வாயில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே உதிர்வது போலத் தெரிந்தால், புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து பத்துத் தாள்களைப் போட்டு, அச்சான எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும், அந்த இடத்தை மடித்து விரித்தும் பார்க்கிறேன். புதுத் தாளில் உதிரவில்லை என்றால் ஃபியூசரை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். இப்போதெல்லாம் தாள்கட்டுகள் தரையில் அடுக்கப்படாமல் இரும்பு பீரோவுக்குள் உறையோடு இருக்கின்றன. டிரேயில் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டுமே போடுகிறோம்.

தாள் சரியாக இருந்தும் உதிர்ந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரீஃபில் பொடி. எல்லா டோனரும் ஒரே வெப்பத்தில் உருகுவதில்லை. வேறு மாடலுக்கான பொடியை நிரப்பிய காட்ரிட்ஜில் அச்சு கறுப்பாகவே வரும். ஆனால் அது உருக வேண்டிய சூடு அந்த இயந்திரத்தின் ஃபியூசரில் கிடைக்காமல் போகலாம். ஒட்டாத பொடி தாளோடு போகாமல் உருளையில் தங்கி, அடுத்த சுற்றில் மங்கலான நிழலெழுத்தாக விழும். ரீஃபிலே கூடாது என்பது என் கட்சியல்ல, எங்கள் சிறிய இயந்திரம் ரீஃபிலில்தான் ஓடுகிறது. பொடி எந்த மாடலுக்கானது என்று பொட்டலத்தைக் காட்டச் சொல்லிவிட்டு நிரப்பக் கொடுக்கிறேன். தடித்த லெட்டர்ஹெட்டில் மட்டும் உதிர்ந்தால் கணினியில் தாளின் வகையைத் தடித்தது என்று மாற்றினாலே போதும். இயந்திரம் வேகத்தைக் குறைத்தோ சூட்டைக் கூட்டியோ ஈடுகட்டிவிடும். கடித உறை அச்சிடுவதற்காக அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்புகோல்கள் சில மாடல்களில் உண்டு; யாராவது இறக்கியதைத் திரும்ப ஏற்றாமல் விட்டிருந்தால் அன்று முழுதும் எழுத்து உதிரும்.

ஃபியூசர் சூடாகவே இல்லை, அல்லது இயந்திரம் பிழை எண் காட்டி நின்றுவிட்டது என்றால் கதை வேறு. அலுவலகங்களில் பரவலாக உள்ள ஹெச்பி லேசர்ஜெட்களின் பெரிய ரகங்களில் 50 என்று தொடங்கும் எண்கள் ஃபியூசரைச் சார்ந்தவை: 50.1 என்றால் சூடு போதவில்லை, 50.3 என்றால் மிஞ்சிவிட்டது. எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பிறகு ஃபியூசரைக் கழற்றி, அதன் கனெக்டர் பின்கள் கருகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மல்டிமீட்டரை எடுக்கலாம். எங்கள் பெரிய இயந்திரத்தில் ஹாலஜன் விளக்கை அளந்தபோது மீட்டர் சில ஓம்கள் மட்டுமே காட்டியது. உடனிருந்தவர் ஷார்ட் என்றார். அது ஷார்ட் அல்ல. ஆறிய டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். செராமிக் ஹீட்டரோ ஆறிய நிலையிலேயே பல பத்து ஓம்களைக் காட்டும். இரண்டிலும் மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் இழை அறுந்திருக்கிறது, அல்லது சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்க வழியில் வைத்திருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது.

உருளையின் சூட்டை அளந்து சொல்லும் தெர்மிஸ்டரைச் சோதிக்கத் தனித் திறமை வேண்டியதில்லை. அறைச் சூட்டில் அதன் மின்தடை பெரும்பாலும் நூறாயிரக்கணக்கான ஓம்களில் இருக்கும். மீட்டரை மாட்டியபடியே ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் எண் தடதடவென்று இறங்க வேண்டும், விலக்கினால் மெல்ல ஏற வேண்டும். நடுவில் துள்ளினாலோ, அசையாமல் நின்றாலோ அதை மாற்ற வேண்டியதுதான். உருளையைத் தொட்டு நிற்கும் அதன் முனையில் டோனர் பாறையாகப் படிந்திருந்தாலும் சூட்டைத் தவறாகச் சொல்லும். எங்கள் பெரிய இயந்திரம் சில காலம் படுத்திய பாட்டுக்குக் காரணம் இந்தப் படிவுதான். தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால் கம்பியால் இணைத்து வேலையை ஓட்டுகிறவர்கள் உண்டு. அது தீயை வாசலுக்கு அழைக்கும் வேலை. என் அலுவலகத்தில் யாரையும் செய்ய விட்டதில்லை. அந்த ஃபியூஸ் தானாகப் போவது அரிது. தெர்மிஸ்டர் கெட்டிருக்கும், அல்லது பவர் போர்டில் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் ஷார்ட்டாகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃபியூசரை மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

சிறிய இயந்திரத்தில் உண்மையாகவே ஃபியூசர் கெட்டது ஃபிலிம் கிழிந்ததால்தான். ஸ்டேப்ளர் பின்னோடு உள்ளே போன தாள் மாட்டிக்கொண்டபோது, யாரோ அதைப் பின்பக்கமாக இழுத்திருக்கிறார்கள். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் டெஃப்லான் என்று கேட்டால் ஃபிலிம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. முழு அசெம்பிளியின் விலையில் அது ஒரு சிறு பகுதிதான். மாற்றும்போது ஹீட்டருக்கும் ஃபிலிமுக்கும் நடுவே அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் உருகி வழிந்து தாளைக் கறையாக்குவதோடு ஃபிலிமையும் இறுக வைத்துவிடும். மேசை இயந்திரத்துக்கு இந்தச் சிக்கனம் ஒத்துவந்தது, இன்னும் ஓடுகிறது. பெரிய இயந்திரத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன்: உருளை தேய்ந்திருந்தால் அதன் முனைகளைத் தாங்கும் புஷ்ஷும் பல்சக்கரமும் பிரஷர் ரோலரும் கூடவே தேய்ந்திருக்கும், ஒன்றை மட்டும் மாற்றினால் மாதத்துக்கொரு ஜாம் நிச்சயம். அதற்கு முழு அசெம்பிளியே வாங்கினோம். வாங்கும்போது லேபிளில் 220 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; 110 வோல்ட்டுக்கானவையும் பார்வைக்கு அச்சு அசல் அப்படியேதான் இருக்கும்.

பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். ஹீட்டர் ஒவ்வொரு முறை எரியும்போதும் இழுக்கும் மின்சாரம் சிறிய யூபிஎஸ்ஸுக்குத் தாங்காது. எங்கள் கூடத்தில் அச்சு தொடங்கும்போதெல்லாம் விளக்கு ஒரு கணம் மங்கியது அதனால்தான். இப்போது தனி பவர் பாயிண்டும் முறையான எர்த்தும் போட்டு நேராகச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். மின்வெட்டு வந்தால் கணினிகள் ஓடும், பிரிண்டர் நிற்கும். அவசரமான ஷிப்பிங் பில்லுக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கிறது.