நார்வேயில் கார்பன் பிடிப்பு மேலாய்வுப் பணி: ஒரு மதிப்பீடு

ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திவரும் நார்வேயில், பல்கலைக்கழகம் ஒன்றின் வேதிப்பொறியியல் துறையில் நான் ஏற்ற, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய மேலாய்வுப் பணியை, இத்துறையில் வேலை தேடுவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அங்கு மேலாய்வாளர் உதவித்தொகை பெறும் மாணவர் அல்லர். சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் உள்ள ஊழியர்.

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பதே கார்பன் பிடிப்பு; அந்த ஆய்வின் உயிர்நாடி, அமீன் எனும் நைட்ரஜன் சேர்மம் கலந்த கரைசல்தான். ஒரு கோபுரத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸில் புகையிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் இக்கரைசலை, மற்றொரு கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும். வழக்கமான அமீனாகிய மோனோஎத்தனாலமீனில் ஒரு டன் வாயுவைப் பிரிக்க ஏறக்குறைய 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் செலவாவதால், அதைக் குறைப்பதே எங்கள் முதன்மையான வேலை. நிறமற்றிருந்த கரைசல், புகையிலுள்ள ஆக்சிஜனால் சிதைந்து, நாளடைவில் தேயிலை டிகாஷன்போல் பழுப்பேறுவதை மாதிரிக் குப்பிகளில் வரிசையாகப் பார்த்தபோதுதான், அதுவரை கணினிக் கணக்கீடுகளோடு மட்டுமே பழகியிருந்த எனக்கு இச்சிக்கலின் முழு அளவும் விளங்கியது.

குறை என்றால், நிதியளிக்கும் தொழில் நிறுவனத்தின் ஒப்புதலுக்காக ஆய்வுக் கட்டுரைகள் தேங்கிக் கிடப்பதுதான். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆய்வாளருக்கு இது நேரடி இழப்பு என்பதால் என்னால் இதைச் சிறிதாக எண்ண முடியவில்லை. கரைசலின் சேர்மானத்தை வெளியிடும் உரிமை உண்டா என்பதை நேர்காணலிலேயே கேட்டு, பதிலை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.